சாக்குத் துணியும் பாக்கியத்தின் விளக்கும்

என் ஆசை மச்சான் வேலு,

பொரித்துவிட்டதடா! அத்தனையும் உயிரோடு நீந்துகின்றன! நலம் விசாரிக்கிற சம்பிரதாயமெல்லாம் உன்னிடம் எனக்கு எதற்கு? நீ வாங்கி வந்த ஏஞ்சல் மீன் ஜோடி, நான்கு முறை முட்டையிட்டு நான்கு முறையும் நம்மை அழவைத்த அதே ஜோடி, இன்று காலை தன் குஞ்சுகளோடு தொட்டியைச் சுற்றி வருகிறது. எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

நீ போய் இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. துக்க வீட்டில் ஒருவன் இப்படிக் குதிக்கலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். இந்தச் சேதியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? கடிதத்தைப் பேப்பருக்கும் அனுப்பப் போகிறேன். மீன் வளர்க்கிற மற்றவர்களாவது நாம் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாமல் இருக்கட்டும்.

ஆமாம், முட்டாள்தனம்தான். கோபித்துக்கொள்ளாதே.

மலாக்கா பண்டார் ஹிலிரில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் உனக்கு வேலை. மிஞ்சிய கண்ணாடியை முதலாளி தவுக்கேயிடம் கேட்டு வாங்கி, தகரச் சட்டத்தில் பட்டி வைத்து ஒட்டி, நம் வீட்டுக் கூடத்தில் நீயே தொட்டி கட்டினாய். முதல் நாளே அது ஒழுகி அரிசி மூட்டையை நனைத்தது. "ஒங்க ரெண்டு பேரையும் அதுக்குள்ள தூக்கிப் போட்டாத்தான் இந்த வீடு உருப்படும்" என்று உன் தங்கை பாக்கியம், என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி, கரண்டியோடு நின்றது நினைவிருக்கிறதா? அப்புறம் சிங்கப்பூர் போனவன், பிஸ்கட் டின் தண்ணீரில் ஆறு மீன்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். சட்டையெல்லாம் ஈரம். முகத்தில் அப்படியொரு பெருமை.

அவற்றில் இரண்டு மீன்கள் மட்டும் பிழைத்து ஜோடி சேர்ந்தன. பள்ளிக்கூடச் சிலேட்டின் மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டு, கல்லை மட்டும் தொட்டியில் சாய்த்து வைத்தோம். அதன் மேல் வரிசை வரிசையாக முட்டை வைத்தன. உடனே உன் உத்தரவு பிறந்தது. "மாப்ள, புள்ள பெத்த வீட்டுல எவனாச்சும் எட்டிப் பாப்பானா? கண்ணு பட்டுரும். சாக்க போட்டு மூடு!"

மூடினோம். மறுநாள் காலையில் சாக்கை விலக்கினால் சிலேட்டில் ஒரு முட்டைகூட இருக்காது. ஒரு முறை குழாய்த் தண்ணீரைத் திட்டினாய். இன்னொரு முறை செமாபோக்கிலிருந்து வந்த உங்கள் சித்தப்பா தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டார் என்று அவர் மேல் பழி போட்டாய். அதற்கடுத்த முறை சாக்கின் மேல் இன்னொரு சாக்கு. யார் யார் மேலோ சந்தேகப்பட்ட நமக்கு அந்தச் சாக்கின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

பிறகு நீ காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

உன் படத்துக்கு நீயே எப்போதோ கண்ணாடி போட்டு வைத்திருந்தாய். அதைத் தொட்டியை ஒட்டிய சுவரில் மாட்டினோம். கீழே பாக்கியம் விளக்கேற்றினாள், இரவும் பகலும் அணையாத விளக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா சொன்னார்: "போதும்மா, வெளக்க மலையேத்திரு. புள்ளகுட்டி இல்லாதவன். எத்தன நாளைக்கு நீயே எண்ணெ ஊத்திக்கிட்டு ஒக்காந்திருப்ப?"

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த 'புள்ளகுட்டி இல்லாதவன்' அவளை எங்கேயோ குத்திவிட்டது. "எங்கண்ணனுக்கு நான் இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேச்சே குறைந்துபோனது. சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வேலை. மச்சான், எனக்குப் பயமாகிவிட்டது. உன்னைப் பறிகொடுத்தாயிற்று, இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதும் அதே நினைப்பு.

சென்ற ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, மத்தியானம், மீன்கள் ஐந்தாவது முறையாக முட்டை வைத்தன. வழக்கம்போலச் சாக்கை எடுத்து வந்தேன்.

"என்னா செய்றீங்க?"

"மூடணும்ல. ஒங்கண்ணன் சொல்லுவானே. வெளக்க கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெய்யி."

"வெளக்கு நகராது."

"சாக்கு பத்திக்கும் பாக்கியம்!"

"அப்ப சாக்கு வேணாம். எங்கண்ணன் மொகத்துக்கு முன்னால இருட்டாக்காதீங்க."

இத்தனை நாளில் அவள் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான். சண்டைதான், இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முட்டை போனால் போகிறது என்று சாக்கை மடித்து மூலையில் போட்டேன்.

காலையில் பார்த்தால் முட்டைகள் அப்படியே இருக்கின்றன! தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம், துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் நிற்கின்றன. மறுநாளும் இருந்தன. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. யார் கண்ணும் படவில்லை, தண்ணீரிலும் குற்றமில்லை. நாம் திடுமென்று போட்ட இருட்டில் பெற்றவர்களுக்கே பிள்ளை தெரியாமல் போயிருக்கிறது. மிரண்டுபோய்த் தின்றிருக்கின்றன. விளக்கு வெளிச்சம் இருந்ததால் இந்த முறை தப்பித்தன. நீ இருந்தால் இதை ஒப்புக்கொள்வாயா? மாட்டாய். மூன்று நாள் என்னோடு மல்லுக்கு நிற்பாய். அப்படி ஒரு சண்டை உன்னோடு இன்னும் ஒரே ஒரு தரம் போட முடிந்தால்!

மூன்றாம் நாள் முட்டைகள் வால் முளைத்துத் துடித்தன. தாய் மீன் ஒவ்வொன்றாக வாயில் கவ்வ ஆரம்பித்தது. நான் அலறிவிட்டேன்.

"தின்னுது! ஐயோ, எல்லாத்தையும் தின்னுது!"

அடுப்படியிலிருந்து ஓடி வந்த பாக்கியம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். "கத்தாதீங்க. எடம் மாத்துது. அந்தா, அங்க துப்புது பாருங்க. பூன குட்டியத் தூக்கிட்டுப் போறத நீங்க பாத்ததே இல்லியா?"

அன்றிலிருந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே. தட்டு காலியாகிறது, மச்சான்!

இன்று காலை அவள் போட்ட கூச்சலில் பாதி முகச்சவரத்தோடு ஓடினேன். கடுகளவு கடுகளவாக ஒரு கூட்டம் தாயின் பின்னால் போகிறது. பக்கத்து வீட்டுச் செட்டிக் குடும்பத்து அக்காவும் வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. "ஹிடோப்! செமுவா ஹிடோப்!" எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று தெருவுக்கே அறிவித்தார். இந்த வாரக் கடைசியில் மெர்டேக்கா, நம் நாட்டுச் சுதந்திர நாள். ஊரெல்லாம் கொடியும் தோரணமும். அலங்காரம் பார்க்கக் கிளம்பிய சித்தப்பா வழியில் நம் வீட்டுக்குள் நுழைந்தார். விளக்கைப் பார்த்தார்.

"இன்னுமாம்மா எரியுது?"

பாக்கியம் அவர் கையைப் பிடித்துத் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "எங்கண்ணனுக்குப் புள்ளகுட்டி இல்லன்னீங்களே சித்தப்பா. எண்ணுங்க."

மனுஷன் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை நீட்டி எண்ணினார். தப்பியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவர் எண்ணிய அழகைப் பார்த்துப் பாக்கியம் சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று பேரும் உன் படத்துக்குக் கீழே என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் நின்றோம். நீ பார்த்தாயா?

இப்போது அவள் கோழி முட்டையை அவித்து, மஞ்சள் கருவை வேட்டித் துணியில் கட்டித் தொட்டிக்குள் பிழிந்துகொண்டிருக்கிறாள். என் வேட்டிதான். கேட்டால் புள்ளைங்களுக்குப் பசிக்காதா என்கிறாள்.

குஞ்சுகள் வளர்ந்ததும் முதல் ஜோடி கண்ணாடி கொடுத்த தவுக்கேக்கு. மற்றவை கேட்கிறவர்களுக்கெல்லாம். சாக்கில் தேங்காய் போட்டுக் கட்டிவிட்டேன். இனி எந்தத் தொட்டியையும் நான் மூட மாட்டேன், உன் தங்கையை இருட்டில் உட்கார விடவும் மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பிள்ளைகளுக்கு மாமனாகிவிட்ட,
உன் மாப்பிள்ளை
சுப்பையா
காஜா பேராங், மலாக்கா