நாற்பத்தொன்றாவது துகள்

ஜூலை 8
காலை ஏழரைக்கே துறைத்தலைவர் முரளிதரன் போன். என் ஆய்வு மாணவி சுசித்ராவின் கணக்கு ஏதோ உச்ச வேகத்தை உடைத்துவிட்டதாம். காலேஜ் வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கலாமா என்கிறார்.

"குவாண்டம்னா எல்லாம் டக்குனு போய்டும் இல்லீங்க மேடம்?"

இந்த மனிதர் இயற்பியலில் முனைவர்.

போகாது. வரிசையாக அறுபது துகள்கள். ஒவ்வொன்றும் பக்கத்துத் துகளை மட்டுமே தொடும். முதலாவதைத் தட்டினால் செய்தி கைமாறிக் கைமாறித்தான் போகும். அதற்கு ஓர் உச்ச வேகம் உண்டு. இருபது வருடமாக இதையே சொல்கிறேன், சுவர்களிடம்.

ஜூலை 9
ஆர்.கே.பேட்டை பஸ் லேட் என்று சொல்லிக்கொண்டு சுசித்ரா வந்தாள். நாற்பத்தொன்றாவது துகளுக்குச் செய்தி சரியாகப் பாதி நேரத்தில் சேர்ந்துவிடுகிறதாம்.

"அந்தப் பக்கமா சுத்திகினு வருதோ என்னவோ மேடம்..."

"நேர்க்கோடும்மா இது. நடுவுல பைபாஸ் ரோடு போட்டாங்களா?"

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 11
ஃபிளெக்ஸ் தொங்குகிறது. என் பெயரும் இருக்கிறது, பிழையோடு.

ஜூலை 12
ஆய்வுக்குழு 18ஆம் தேதி கூடுகிறது. சுசித்ரா தொடர வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். 'அடிப்படையே விளங்கவில்லை.' உதவித்தொகை நிற்கும். வீட்டு விசைத்தறிக்குத் திரும்புவாள். அதற்கு நானா பொறுப்பு?

ஜூலை 15
குழுவில் காட்ட அவள் தவற்றைக் குறித்துவைக்கலாம் என்று புரோகிராமைத் திறந்தேன். அவள் அனுப்பி இரண்டு மாதமாக என்னிடம் கிடக்கும் கோப்பு. இன்றுதான் திறக்கிறேன்.

பதினேழாம் வரியில் அறுபதாவது துகள் முதல் துகளோடு கோக்கப்பட்டிருக்கிறது. கோடு அல்ல, வளையம். நாற்பத்தொன்றுக்கு முன்வழியாக நாற்பது கைமாற்றம், பின்வழியாக இருபதே. பாதி நேரம். உச்ச வேகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வரியை அவள் எழுதவில்லை. என் ஆய்வுக்காலத்துப் புரோகிராம் அது. அவள் சேர்ந்த அன்று நான்தான் கொடுத்தேன், "இதுல கை வைக்காத" என்று சொல்லி.

வைக்கவில்லை.

ஜூலை 16
"ஏம்மா, சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேங்க மேடம். நீங்க பைபாஸ் ரோடான்னு கேட்டீங்க."

ஜூலை 17
குழுவுக்கு நான்கு வரி. தவறு புரோகிராமில், எழுதியது நான், என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஃபிளெக்ஸைக் கழற்றச் சொன்னேன். "இருக்கட்டும் மேடம், யாரு படிக்கிறாங்க" என்கிறார் முரளிதரன்.

ஜூலை 18
தொடரலாம் என்றது குழு. மாலையில் பதினேழாம் வரியை சுசித்ராவே வெட்டி, புரோகிராமை மறுபடி ஓட்டினாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாற்பத்தொன்றுக்குச் செய்தி போய்ச் சேர முழு நேரமும் ஆயிற்று. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.