மூன்று செட்டைப் பலகை

வடபாறை நிலையக் குறிப்பு. எழுதுபவர்: ரெஜினாள் மச்சாது, அலை ஆய்வாளர்.

நாள் 41. காலை.

வடக்குக் காற்று. அலை நடுத்தரம். கருவிகள் சரி. காபித்தூள் தீர்ந்துவிட்டது. திட்டமிட்ட புண்ணியவான்கள் இதையும் ஒரு பழுதாகப் பதிவு செய்துகொள்ளட்டும்.

இந்தத் துணைக்கோளில் மனிதர்கள் இரண்டே பேர். வடபாறை நிலையத்தில் நான். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் நாச்சிமுத்து, எதிரே தென்பாறையில் உள்ள சிறு தங்குமிடக் கூண்டில் ஆன்டெனாவைச் சரிசெய்யப் படகில் போயிருக்கிறார். பொள்ளாச்சிக்காரர். நீச்சல் தெரியாது. அவரைக் கடல் மட்டுமே உள்ள உலகத்துக்கு அனுப்பிய குழுவைத்தான் மேலே புண்ணியவான்கள் என்றேன்.

நான் வெளியே போகும் நேரத்துக்காக என் குரலில் ஒரு பதிலைப் பதிந்து வானொலியில் வைத்திருக்கிறேன். நாச்சிமுத்து அதைக் கேட்டுக் கேலி செய்தார்: "மாமியார் ஊட்டுக்குப் போனவீங்க பேசற மாதிரியே இருக்குதுங்க."

மாலைக்குள் திரும்பிவிடுவார்.

நாள் 42. மாலை.

திரும்பவில்லை. வானொலிப் பேச்சு:

"டாக்டரம்மா, படகு போச்சுங்க. பாறை வரிசையில மோதி ரெண்டா ஒடஞ்சு போச்சு. நான் தவந்து கூண்டுக்கு வந்துட்டனுங்க. காலைத்தான் நல்லாக் கிழிச்சுப்போட்டுதுங்க."

"ரத்தம் நின்னுட்டா? எதையும் மறைக்காதிய, நாச்சிமுத்து."

"நின்னுருச்சுங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

கூண்டில் காற்றும் உணவும் மாற்று உடுப்பும் உண்டு. மருந்து கிடையாது, மொத்தமும் என்னிடம். மீட்புக் கப்பல் வர ஒரு மாதம் ஆகும். பறக்கும் கருவியில் பாதி மருந்தை வைத்து அனுப்பினேன். காற்று அதைத் தூக்கிக் கடலில் எறிந்தது.

நாள் 44. காலை.

அவருக்குக் காய்ச்சல். காயம் சீழ் வைத்துவிட்டது. ஒரு மாதம் தாங்க மாட்டார். இதை எழுதிப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கிறது.

அலைகள் இங்கிருந்து தென்பாறைக்குத்தான் போகின்றன. அதன் முன்னால் கத்தி போன்ற பாறை வரிசை. அலைகள் அங்கே உடைகின்றன. வரிசையில் ஓரிடத்தில் இடுக்கு உண்டு. அதற்குள் நுழைந்தால் அமைதியான நீர், பிறகு கரை. ஆளில்லாத மிதவையை விட்டால் பாறையில் சிதறும். கடைசி நேரத்தில் திருப்ப ஓர் ஆள் வேண்டும்.

ஊரில் என் அண்ணன்மார் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனார்கள். நான் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு அலையில் ஏறப் போனேன். அம்மா திட்டாத நாள் இல்லை. இப்போது அந்த விளையாட்டு ஒன்றுதான் கைகொடுக்கும் போலிருக்கிறது.

நாச்சிமுத்துவின் அறைச் சுவரைப் பிரித்து வெப்பத்தடுப்பு நுரையை வெளியே எடுத்தேன்.

நாள் 46. மாலை.

முதல் பலகை. இங்கே ஈர்ப்பு பூமியில் மூன்றிலொரு பங்கு. என் எடையும் மூன்றிலொரு பங்கு. எனவே மெல்லிய பலகை போதும் என்று கணக்குப் போட்டு, நுரையை இழைத்து இழைத்து அழகாக மெலிய வைத்தேன். நிலையத்தை ஒட்டிய சிறு குடாவில் இறக்கி ஏறினேன்.

நேராக அடிக்குப் போய்விட்டது.

எனக்கு எடை குறைந்தால் தண்ணீருக்கும் அதே அளவு குறைந்திருக்கும்! மிதப்பதற்கு எந்த உலகத்திலும் அதே பருமன் வேண்டும். பள்ளிப் பாடம் இது. நான் பாய்மங்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். இடுப்பளவு நீரில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் சீக்கிரம் நின்றுவிட்டது.

மூச்சுக்காற்றுக்காக அணியும் கனமான இந்த உடுப்போடு ஆழத்தில் விழுந்தால் மிதக்க முடியாது. பலகை கையில் இருக்கும்வரைதான் உயிர்.

நாள் 48. மாலை.

இரண்டாவது பலகை. உடுப்பின் எடையையும் சேர்த்துத் தடிமனாகச் செய்தேன். மேலே கண்ணாடி இழைத்துணி, அதன்மேல் பிசின். குளிரில் பிசின் இறுகவில்லை. பலகையை என் படுக்கையில் கிடத்தி, ஹீட்டரைப் போட்டு, கம்பளியைப் போர்த்தினேன். நான் தரையில் படுத்தேன். மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடந்திருக்காது.

மருந்துப்பெட்டிக்காக நடுவில் ஒரு குழி வெட்டினேன். அடியில் வாலருகே ஒரே ஒரு பெரிய செட்டை. மீனுக்குச் செட்டை எதற்கோ பலகைக்கும் அதற்குத்தான்: வழுக்காமல் நீரைப் பிடித்துக்கொள்ள. சாப்பாட்டு மேசையை அறுத்துச் செய்தேன்.

இங்கே அலை மெதுவாகத்தான் நகரும். அதனால் பிடிப்பது சுலபம். எழுந்து நின்றேன். பல வருடம் கழித்து. அழுகை வந்தது, கண்ணாடிக் கவசத்துக்குள் துடைக்கவா முடியும்?

ஒற்றைச் செட்டை நேராக ஓடும். எவ்வளவு சாய்ந்தாலும் திரும்ப மறுத்தது. கரைக்கல்லில் லேசாகத் தட்டியது. குழி வெட்டிய இடத்தில் பலகை இரண்டானது.

வானொலியில் நாச்சிமுத்து, காய்ச்சல் மயக்கத்தில்:

"டாக்டரம்மா, தோப்புக்குத் தண்ணி பாயுதுங்க. மோட்டாரை நிறுத்தோணுங்க."

"நான் நிறுத்திட்டேன் நாச்சிமுத்து. நீங்க படுங்க."

"சரீங்க."

நாள் 50.

மூன்றாவது பலகை. குழி இல்லை. நீளவாக்கில் பிளந்து, கட்டிலின் அலுமினியச் சட்டத்தை நடுவே வைத்து ஒட்டினேன். முதுகெலும்பு வந்த மாதிரி விறைப்பாக நிற்கிறது. அலையின் சரிவில் குத்தி மூழ்காமலிருக்க மூக்கைச் சற்று மேலே வளைத்தேன். செட்டைகளைக் கழற்றி மாற்ற வசதி செய்தேன்.

முதலில் இரண்டு செட்டை, ஓரத்துக்கு ஒன்று. நினைத்த நொடியில் திரும்பியது. ஆனால் சரிவு செங்குத்தானதும் வால் வழுக்கிக்கொண்டு சுழன்றது. தூக்கி எறியப்பட்டேன். தோள் வீங்கியிருக்கிறது.

எதிர்முனை இன்று ஒரு முறைதான் பேசியது. "இங்க ரொம்ப அமைதியா இருக்குதுங்க" என்றார்.

நாள் 51.

மூன்று செட்டை. ஓரத்தில் இரண்டு, நடுவில் பின்தள்ளி ஒன்று. ஓரத்தவை சாய்ந்த பக்கம் நீரைக் கடித்து வேகம் தருகின்றன. நடுவிலுள்ளது வாலை ஓடவிடாமல் பிடிக்கிறது. குடாவில் இரண்டு கற்களுக்கிடையே தொடர்ந்து நுழைந்து காட்டினேன். யாருக்குக் காட்டினேன் என்று கேட்கக் கூடாது.

இனி ஒரே சிக்கல். கயிறு.

சர்ஃப் பண்ணுகிறவர்கள் கணுக்காலைப் பலகையோடு கயிற்றால் பிணைத்துக்கொள்வார்கள். விழுந்தாலும் பலகை கைவிட்டுப் போகாது. என் நைலான் கயிறுகள் எல்லாம் இந்தக் குளிரில் முருங்கைக்காய் மாதிரி முறிகின்றன. மின்கம்பியை வளைக்கும்போதே ஒடிகிறது. ஒட்டுநாடா ஒட்டவில்லை. மிச்சம் இருப்பது உடுப்போடு வந்த ஆரஞ்சுக் கயிறு. அது மட்டும் துவள்கிறது. பெட்டியைப் பலகையோடு சுற்றிக் கட்டினால் கயிறு முழுவதும் தீர்ந்துவிடும்.

பெட்டியை என் உடம்போடு வைத்துக்கொள்ளலாம், என்னைப் பலகையோடு கட்டிக்கொள்ளலாம். ஆனால் பாறை உடுப்பைக் கிழித்தால் பெட்டியும் என்னோடு போய்விடும். பெட்டி பலகையில் இருந்தால் இடுக்கைத் தாண்டியபின் நான் இல்லாமலும் கரை சேரும்.

யோசிக்கிறேன். போகாமலே இருக்கலாம் என்றும் யோசித்தேன். இங்கே எனக்குச் சோறு இருக்கிறது, சூடு இருக்கிறது, கப்பல் வரும். வந்தவர்களிடம் எதிரே ஒருத்தர் இருந்தார் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல வரவில்லை.

நாள் 52. காலை.

நல்ல அலை. தோள் வலி. பரவாயில்லை.

"நாச்சிமுத்து, கேக்குதா? உடுப்ப மாட்டிக்கிட்டு, கதவத் திறந்து தண்ணியப் பாத்துக்கிட்டே இருங்க. நான் வாறேன்."

"படகு ஏதுங்க?"

"உங்க சுவத்து நுரையும் என் கட்டிலும்தான். வந்து சொல்லுதேன்."

"வேண்டாங்க டாக்டரம்மா. எனக்காட்டி நீங்க வராதீங்க. கடல் பெருசுங்க."

"எனக்குக் கடலா புதுசு? வாய மூடிட்டுப் பாத்துக்கிட்டு இருங்க."

பெட்டியைக் கட்டிவிட்டேன். ஏழு முடிச்சு, அண்ணன் போடும் முடிச்சு. அவிழாது.

பயமாக இருக்கிறது. எழுதிவைக்க வேறு இடம் இல்லை, அதனால் இங்கே. ரொம்பப் பயமாக

இதைப் படிக்கிறவருக்கு: எங்களை இங்கே தேட வேண்டாம். தென்பாறைக்குப் போங்கள். முதல் பலகையைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். கிளம்புகிறேன்

நாள் 52. தானியங்கிப் பதிவு.

நிலையத்தில் ஆள்: இல்லை. தென்பாறையிலிருந்து வந்த ஒலி:

"தெரியுதுங்க! நின்னுட்டு வர்றீங்க! அடேங்கப்பா... பாறைங்க, பாறை... திரும்பீட்டீங்க! உள்ள வந்துட்டீங்க டாக்டரம்மா! ... பின்னால, பின்னால பெரிய அலை ஒண்ணு... டாக்டரம்மா? நுரையா இருக்குதுங்க, ஒண்ணுந் தெரியலைங்க."

இரைச்சல்.

"பலகை வந்துருச்சுங்க. பெட்டி இருக்குதுங்க. நீங்க எங்கீங்க?"

பதிந்த பதில் அனுப்பப்பட்டது.

நாள் 60. தானியங்கிப் பதிவு.

நிலையத்தில் ஆள்: இல்லை. தென்பாறையிலிருந்து வந்த ஒலி:

"வணக்கமுங்க. காச்சல் விட்டுருச்சுங்க. இன்னைக்கு எந்திரிச்சு நடந்தனுங்க, தண்ணி வரைக்கும். மூணு செட்டையும் ஒடையாம இருக்குதுங்க. பலகையைக் கதவுக்கு எதுக்க நட்டு வெச்சிருக்கறேன், தூரத்துல இருந்து பாத்தாத் தெரியோணுமுன்னு. முடிச்சை அவுக்க முடியலீங்க. அறுத்துத்தான் எடுத்தேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பதிலை மட்டும் ஒருக்காப் போடுங்க."

பதிந்த பதில் அனுப்பப்பட்டது:

"வடபாறை நிலையம், ரெஜினாள் பேசுதேன். இப்ப வெளிய போயிருக்கேன். சேதியச் சொல்லுங்க. வந்ததும் கூப்பிடுதேன்."