மாறுகண் சூசையப்பர்

நம்ம அற்புதத்தோட அப்பாவுக்கு,

சோறும் மத்திக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கப் போகிறேன்.

நேற்று உங்க அக்கா முன்னால், "என்னடி, சூசையப்பருக்கு மாறுகண்ணு" என்று சிரித்தீங்க. குடில் பொம்மைக்கு வர்ணம் பூசுவது எனக்கு இதுதான் முதல் தடவை. முகத்தில் பூசியது காய்வதற்குள் கண் வைத்துவிட்டேன், கறுப்பு வழிந்துவிட்டது. அதற்காக அழிக்க மாட்டேன். குடிலில் மாதாவுக்குப் பக்கத்தில், முன்னாலேயே நிற்பார்.

இடையன் ஒருத்தனை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போகிறேன். விரல் நீளம்தான் இருப்பான். பிரஷும் கறுப்பு வர்ணமும் பக்கத்திலேயே இருக்கு. சாப்பிட்டுவிட்டு அவனுக்கு நீங்க கண் வையுங்க.

செசிலி

அவன் முகம் நன்றாகக் காய்ந்துவிட்டது, பயப்படாதீங்க. திரும்பும்போது உங்க அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.