விக்கிற வண்டியா, ஓட்டுற வண்டியா

பிப்ரவரி 16, ஞாயிறு

மாமா சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸுக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்து, பழக்கத்தில் போனை அடுப்பு மேடையில் வைத்தேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. இனி எதற்கு?

பைக்கில் போன நாட்களில், வேலை பார்க்கிற திருப்பதி லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு ரிங் விடுவார். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போகும் என்றிருந்த காலத்துப் பழக்கம். இப்போது நாள் முழுக்கப் பேசினாலும் காசில்லை, ஆனாலும் அந்த ஒரு ரிங்கைப் புருஷனும் பெண்டாட்டியும் மாற்றவில்லை. பஸ்ஸில் போகத் தொடங்கிய பிறகு அது வருவதில்லை.

நான்கு மாதமாக வண்டி மாடில்லாத கொட்டகையில் நிற்கிறது. ஓலை இடுக்கு வழியே வெயில் அதன் டேங்க் மேல் விழுந்து மெல்ல நகர்கிறது. பார்த்துக்கொண்டே நின்றேன். நிற்கிற வண்டிக்குக் கனவு வருமா? வந்தால் எது வரும்? வடமாலப்பேட்டை தாண்டியதும் தூரத்தில் திருமலை நீலமாகத் தெரியத் தொடங்குமே, அதுவா?

பால் பொங்கி வழிந்துவிட்டது. மாமா பார்த்திருந்தால், "அம்மா எந்த ஊர்ல கீறாங்களோ" என்பார். இப்போதெல்லாம் அவர் கிண்டலும் செய்வதில்லை.

பிப்ரவரி 18

சாப்பிடும்போது சொன்னார். "வண்டிய வித்துடலாம் மே. நாராயணவனம் முனிகிருஷ்ணன் கேட்டுக்கினு கீறான். மாங்கா பணம் கைக்கு வந்ததும் ஜூன் கடைசில வரேன்னான்."

எதனால் என்று எனக்குத் தெரியும். போன விஜயதசமி காலை, இரவு டியூட்டி முடித்து வந்து ஒரு மணி நேரம்கூடப் படுக்காமல், மகள் பிரீத்திக்குப் பாவாடை எடுக்க அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டிலிருந்து மூன்றாவது கிலோமீட்டர், ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி படுத்துவிட்டது. பிள்ளைக்கு மோவாயில் மூன்று தையல். அவருக்குக் கால் எலும்பு. புத்தூர் கட்டு போட்டு எலும்பு கூடிவிட்டது, நடையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறார்: "நா கண்ண மூடிட்டேன் மே. தூங்கிட்டேன். கொழந்தைய கொன்னுட்டிருப்பேன்."

பிரீத்தியை யாருடைய வண்டியிலும் ஏறவிடுவதில்லை. தன் வண்டியைத் தொடுவதே இல்லை.

"துருப் புடிச்ச வண்டிய யாரு வாங்குவாங்க? நானே சர்வீஸ் பண்ணி வெக்கிறேன் மாமா" என்றேன். சிரித்தார் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. "பண்ணு" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

எஞ்சின் ஆயில் மாற்றினேன். நான்!

போன் வீடியோவில் ஒரு தெலுங்குக்காரர் பொறுமையாகச் சொல்லித்தருகிறார். கிக்கரை முப்பது தடவையாவது உதைத்தேன், பிறகுதான் இருமிக்கொண்டு பிடித்தது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, அடியில் பழைய சட்டியை வைத்து, ஸ்பானரால் போல்ட்டைத் திருகினேன். கருகருவென்று, காய்ச்சிக் கெடுத்த டிகாஷன் மாதிரி இறங்கியது. அத்தனை கறுப்பையும் உள்ளே வைத்துக்கொண்டா இது மாமாவைத் தினமும் சுமந்தது?

கடைசிச் சொட்டு விழும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் நான் எங்கெங்கோ போய் வந்தேன். கல்யாணமான புதிதில் இதே வண்டியில் நகரி போனோம். மலையுச்சியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் காட்டி, "அது யாரு மூக்கு சொல்லு" என்றார். "உங்க அம்மா மூக்கு" என்றேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மார்ச் 12

நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை. அங்கன்வாடியில் ஒரு வாண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு, "கோரிண்டாகா டீச்சர்?" என்றது. ஆமாம், மருதாணிதான் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

செயின். மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும். கண்ணி கண்ணியாகத் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெள்ளி வந்தது. நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. நிழலில், நின்ற இடத்திலேயே, எத்தனை கிலோமீட்டரோ. நான் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டே இருந்தேன். மாந்தோப்பெல்லாம் பூ வாசம்.

திரும்பிப் பார்த்தால் மாமா வாசற்படியில். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"செயின ரொம்ப இழுத்து வெக்காத. ஒரு வெரலாவது மேலயும் கீழயும் ஆடணும்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

விற்கிற பேச்சைத் தவிர, ஆறு மாதத்தில் வண்டியைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

மே 30

ஏர் ஃபில்டர் தட்டியாயிற்று, பிளக் துடைத்தாயிற்று, பிரேக் சரி. டயர்தான் பாக்கி. பின் டயரில் பட்டை தேய்ந்து தரை மாதிரி ஆகிவிட்டது. முன்னது பரவாயில்லை. "விக்கிற வண்டிக்கு எதுக்கு மே புது டயரு?" என்கிறார். ஆனால் வாங்கத்தான் போகிறேன், என் சம்பளத்தில்.

ஜூன் 4, புதன்

பின்சக்கரத்தைக் கழற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு புத்தூர் போனேன். ஆட்டோவில் ஒரு அம்மாள், வளைகாப்புக்குப் போகிற தட்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டயர் கடை இஸ்மாயில் என்னோடு எட்டாவது வரை படித்தவன். வாய் ஓயாது.

"இன்னா சுமித்ரா, விக்கிற வண்டியா, ஓட்டுற வண்டியா?"

"ஏன், ரெண்டுக்கும் வேற வேற டயரா?"

"விக்கிறதுன்னா எதையாச்சும் மாட்டிடலாம், கறுப்பா இருந்தா போதும். ஓட்டுறதுன்னா யாரு ஓட்டுறது, எந்த ரோடுன்னு கேப்பேன்."

ஓட்டுற வண்டி என்று என் வாய் தானாகச் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஆச்சரியம்.

கெட்டி ரப்பர் ரொம்ப நாள் வரும், மழையில் வழுக்கும். மெது ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும் என்றான். அகல டயர் எனக்கு ஆசையாக இருந்தது. "அழகுக்குப் போட்டா மைலேஜ் போயிடும், வந்த சைஸே போடு" என்று அடக்கிவிட்டான். மெது ரப்பரையே எடுத்தேன். பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்க எண்ணைக் காட்டி, எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று படிக்கவும் சொல்லிக்கொடுத்தான்.

மாட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"புது டயர்ல ஒரு வழவழப்பு இருக்கும். நூறு கிலோமீட்டர் வரைக்கும் மெதுவா போவச் சொல்லு. அப்புறம், ஆயுத பூஜைக்குப் பளபளன்னு இருக்கணும்னு எண்ணெய கிண்ணெய தடவிடாத. வருஷா வருஷம் பூஜை முடிஞ்ச மறுநாளு நாலு பேரு கை கால ஒடச்சிக்கினு வரான். நடுவுல தடவுனது ரெண்டு கிலோமீட்டர்ல தேஞ்சி போயிடும். ஓரத்துல அப்டியே நிக்கும். திருப்பத்துல வண்டி சாயும்போது அந்த ஓரம்தான் ரோட்ல படும்."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. சக்கரம் மட்டும் மடியில் இருந்தது.

ஜூன் 5

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

வருஷா வருஷம் மாமாதான் வண்டி கழுவுவார். போன வருஷம் அவருக்கு இரட்டை டியூட்டி, வண்டியைப் பூஜைக்காக வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போயிருந்தார். நான் கழுவினேன். டயர் வெளுத்துச் சாம்பலாக இருந்தது. தேங்காய் எண்ணெய் — தலைக்குத் தேய்க்கிற அதே பாட்டில் — துணியில் நனைத்து, பக்கம், ஓரம், நடு, எல்லாம் தடவினேன். பிறகு சந்தனம், குங்குமம், சாமந்தி. மறுநாள் காலை மாமா வந்து பார்த்து, "புது வண்டி மாதிரி கீது மே" என்றார்.

உடனே அதே சக்கரத்தில்தான் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் புறப்பட்டார்கள் இரண்டு பேரும். பழம் சரியா நசுங்கல, அதான் இப்படி ஆச்சு என்று பக்கத்து வீட்டு செங்கம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அவர் தூங்கவில்லையோ? நான்தானா? நானேதானா?

ஜூன் 9

சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நேற்று முழுக்க மழை. கொட்டகையில் புது டயரைத் தொட்டுக்கொண்டு நின்றேன். உலர்ந்த, பொய் சொல்லாத ரப்பர். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? வண்டி விற்றுப்போகும். மாமா பஸ்ஸில் போவார், வருவார். தூங்கிவிட்டேன் என்று சாகும்வரை நம்புவார். பிரீத்தி பெரியவளாகிக் கல்யாணமாகிப் போவாள், அவள் மோவாயைப் பார்க்கும்போதெல்லாம் இவர் தலைகுனிவார். எனக்கு ஒரு கெடுதலும் வராது.

இதை யோசித்துப் பார்த்தேனே, அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காப்பி கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, நிமிராமல் சொன்னேன். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு,

"இன்னா எண்ணெ?"

"தேங்கா எண்ணெ."

"தலைக்குத் தேய்க்கிறதா?"

"ம்."

காப்பி ஆறி ஏடு கட்டிவிட்டது.

"உனுக்கு எப்போ தெரியும்?"

"போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை. டயர் வாங்கப் போன அன்னிக்கு."

விரல் விட்டு எண்ணினார். "பதினோரு நாளு. எண்ணெய தெரியாம தடவுன, அது போவட்டும். இந்தப் பதினோரு நாளும் தெரிஞ்சிக்கினே எனக்கு சோறு போட்டியே சுமி."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நடந்துதான்.

ஜூன் 16

பேசவில்லை.

ஜூன் 18

பேசவில்லை. பிரீத்தி, "நைனா கூட டூவா?" என்கிறாள். மோவாயைத் தடவிக்கொடுத்தேன். என்னம்மா, என்றாள். ஒன்றுமில்லை.

மதியம் அங்கன்வாடியில் குழந்தைகள் எல்லாம் தூங்கிய பிறகு ஒரு கனவு வந்தது, விழித்தபடியே. ஏரிக்கரைத் திருப்பம். வண்டி சாய்கிறது. சாய்ந்து, அப்படியே நிமிர்ந்து, போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் கனவு. திரும்பத் திரும்ப அதையே பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

முனிகிருஷ்ணன் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, செயினை ஆட்டி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, "எவுரு சர்வீஸ் சேசிந்தி?" என்றார். வீட்டிலே என்றார் மாமா. முனிகிருஷ்ணன் நம்பவில்லை. பின் டயரைக் குனிந்து பார்த்து, "விக்கிற வண்டிக்கு யாராச்சும் இத்தன நல்ல டயரு போடுவாங்களாப்பா?" என்று தமிழுக்கு மாறிக்கொண்டார்.

மாமா என்னைப் பார்த்தார். ஏழு நாளுக்குப் பிறகு.

"போடமாட்டாங்கண்ணா" என்றார். "அதான் யோசன பண்றேன். மன்னிச்சிக்கோ, வீணா வரவெச்சிட்டேன்."

முனிகிருஷ்ணன் முணுமுணுத்துக்கொண்டு போன பிறகு, கொட்டகையில் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அந்தத் திருப்பத்துக்கு நாலு தடவ நடந்து போய்ப் பாத்துட்டு வந்தேன் மே, இந்த ஒரு வாரத்துல. தூங்கவே இல்லன்னும் என்னால அடிச்சிச் சொல்ல முடியல. கண்ணு எரிஞ்சிக்கினுதான் இருந்திச்சி. பாதி எண்ணெ, பாதி தூக்கம். ஆளுக்குப் பாதி வெச்சிக்கலாம்."

எனக்கு வந்த அழுகையில் அவர் சட்டை நனைந்தது. "பதினோரு நாளு மட்டும் உன்து" என்றார். சரி என்றேன். அது என்னுடையதுதான்.

ஜூலை 27, ஞாயிறு

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறார். மாரியம்மன் கோவில் வரை, தண்ணீர் டேங்க் வரை. ஏரிக்கரைப் பக்கம் இல்லை. இறங்கியதும் இரண்டு கையையும் தொடையில் துடைத்துக்கொள்கிறார். நான் பார்க்காததுபோல் கீரை ஆய்கிறேன்.

செப்டம்பர் 14

நூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது. தெருவிலேயே சுற்றிச் சுற்றி நூறு. கேட்டால் சிரிப்பார்கள்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

இருவரும் சேர்ந்து கழுவினோம். காற்று பார்த்தோம், முன்னால் இருபத்தைந்து, பின்னால் இருபத்தெட்டு. சந்தனம் நான், குங்குமம் அவர், சாமந்தி பிரீத்தி. டயர் வெளுத்துத்தான் இருந்தது. அவர் உள்ளே போய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தார். பிரீத்தியை இழுத்து உட்காரவைத்து, அவள் தலையில் ஊற்றித் தேய்த்தார். "இதுக்குத்தான் இது" என்றார், என்னைப் பார்த்து.

கிண்டல். மறுபடியும் கிண்டல் செய்கிறார்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

ஐந்தேகால் பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அவர் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை அவரே வைத்து, அவரே ஏற்றி நசுக்கினார். ஆறு மணிக்கு வண்டியில் லாட்ஜுக்குக் கிளம்பினார், தனியாக. "பிரீத்திய அடுத்த வாரம் கூட்டிக்கினு போறேன்" என்றார்.

சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்ச் சின்னதாகி, திருப்பத்தில் ஒரு கணம் தணிந்தது. பிறகு மறுபடி எழுந்து, மெல்லத் தேய்ந்து, இல்லாமல் போனது. நான் வாசலில் இருந்தேன். அதற்குப் பிறகு போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று இதை எழுதுகிறேன்.

ஏழு பத்து. ஒரு ரிங் வந்தது. நான் எடுக்கவில்லை.