ஸ்கேனில் காணாமல் போன தழும்பு

என் அன்பு மச்சான் குமரா,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கேயும் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு, பிலிமை ஸ்கேன் செய்தால் படத்தின் உயிரே போய்விடும் என்று வாதாடிக்கொண்டுதான் இருப்பாய். நீ சொன்னது தப்பு மச்சான்.

கடலூர் உப்புக்காற்றில் உன் நெகட்டிவ்களில் பூஞ்சை படர ஆரம்பித்துவிட்டது. உன் அம்மாவை நீ எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலும் ஓரத்தில் ஏறிவிட்டது. பிரிண்ட் எப்போதோ வெள்ளத்தில் போயிற்று. உன் தங்கை, என் பெண்டாட்டி வள்ளிக்குத் தன் அம்மாவின் முகம் என்று மிஞ்சியிருப்பது அந்த நெகட்டிவ் ஒன்றுதான். சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறாயா? சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, கீழவீதியில் ஒரு போட்டோ லேபில் ஸ்கேன் செய்து சி.டி.யோடு வந்தேன்.

பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் வள்ளி பார்த்தாள். "யாருங்க இது? எங்கம்மா மூஞ்சி இவ்ளோ வழவழன்னா இருந்துச்சு?" என்றாள். அத்தையின் கன்னத்திலிருந்த அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. அந்த நிமிஷம் நீ ஜெயித்துவிட்டாய் என்று தோன்றியது. எரிச்சலாக வந்தது.

மறுநாளே திரும்பப் போனேன். லேப்காரர் பெருமையாகவே சொன்னார்: "படம் பூரா புள்ளி சார். தூசி எடுக்குற பட்டன அமுக்குனேன், எல்லாம் போயிடுச்சு."

"அது தூசி இல்லீங்க. எங்க அத்தைக்கு அம்மை வாத்த தழும்பு. அந்தப் பட்டன தொடாம திருப்பி எடுங்க."

"கீறலு, பூஞ்சை எல்லாம் தெரியும் சார்."

"தெரியட்டும்."

பக்கத்திலேயே நின்றேன். தழும்புகள் வந்தன. கிரெய்ன், கிரெய்ன் என்று நீ பீற்றிக்கொள்வாயே, பிலிமில் பொடிமணல் தூவினாற்போலத் தெரியும் அந்தப் புள்ளிகளும் அப்படியே வந்தன. உன் ஸ்டுடியோவில் எத்தனை கல்யாணப் பெண்களுக்கு நெகட்டிவிலேயே பென்சில் வைத்து முகத்தை வழவழப்பாக்கிவிட்டாய்? அத்தைக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை? பிலிமிலும் பொய் சொல்லலாம் என்று உனக்குத் தெரியாதா? பதில் சொல் பார்ப்போம்.

புதுப் படத்தை வள்ளிக்குக் காட்டினேன். திரையைப் பார்த்து, "வந்துட்டியாம்மா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி, மீதிப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்யத்தான் போகிறேன். ஒரு முகத்தையும் துடைக்க எவனையும் விடமாட்டேன். இது வள்ளி மேல் சத்தியம்.

இன்னும் உன்னோடு சண்டை தீராத,
உன் தங்கச்சி புருஷன் சேகர்