இருமல் இல்லாத காய்ச்சல்

சூரியநெல்லி,
8.7.1978

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

ஆண்டவர் தயவில் அங்கே எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

இங்கே தோட்டத்து வீட்டு வரிசைகளில் ஃப்ளூ லயம் லயமாக ஏறி இறங்குகிறது. சின்ன வயசுக்காரர்களைத்தான் பிடிக்கிறது. எங்களைப் போன்ற கிழங்களைச் சீண்டவில்லை. உங்கள் மகள் சிசிலியும் படுத்திருக்கிறாள். பதற வேண்டாம், டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றும் வாத்தியார் புத்தி போகவில்லை, ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பே ஒரே கணக்கில் தவறினால், அடுத்த தாளைப் பிரிக்கும் முன்பே அதில் என்ன விடை இருக்கும் என்று தெரிந்துவிடும். என் மகனுக்கு வந்தது, போனது. இவளுக்கும் போகும்.

அங்கே அனுப்பச் சொல்லி ஆள் விட்டிருந்தீர்கள். காய்ச்சலோடு மலைப்பாதை பஸ்ஸில் எப்படி அனுப்புவது? இங்கேயும் அவள் மகள்தான்.

இன்னாசிராஜ்

காந்தலூர்,
12.7.1978

சம்பந்தி அண்ணாச்சிக்கு அன்னமேரி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இங்கே இளையவளுக்கும் ஃப்ளூதான். மூக்கு ஒழுகி, இருமி இருமிக் குரலே போய்விட்டது. அவளை விட்டுக் கிளம்ப முடியாமல் கிடக்கிறேன்.

காய்கறி லாரி ஓட்டும் பொன்ராஜ் சிசிலியைப் பார்த்துவிட்டு வந்தான். "இருமலே இல்லக்கா. தலவலின்னு கண்ணத் தொறக்க மாட்டேங்குது" என்கிறான். ஒரே காய்ச்சல் என்றால் இது எப்படி அண்ணாச்சி?

அவள் வாய் திறந்து எதையும் கேட்கமாட்டாள். யாராவது வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டீர்களா? மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குச் செய்வதைச் செய்யுங்கள்.

அன்னமேரி

சூரியநெல்லி,
17.7.1978

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தி: காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்றுக் கஞ்சி குடித்தாள்.

உங்கள் கடைசி வரி சுருக்கென்று தைத்தது. என் மனைவி இன்பமேரிக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான கேட்டிருக்காக" என்று உடனே வெந்நீர் வைத்தாள். துடைக்கும்போது, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகையில் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருகின ஒரு புண். மேலே சுண்ணாம்பு தடவியிருந்தாள்.

"அட்டக்கடி அத்தை. எல்லாருக்கும் இருக்கதுதான?"

"அரிக்குதா?"

"இல்ல."

அட்டை கடித்தால் அரிக்காமல் இருக்குமா? இந்த மலையில் இருந்துகொண்டு நாங்கள் அதைக் கேட்காமலே இருந்திருக்கிறோம். அன்றைக்கே ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலையாளி டாக்டர் புண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வரும் காய்ச்சலாம். விட்டிருந்தால் மூளைக்கு ஏறியிருக்குமாம்.

"ஊரெல்லாம் ஃப்ளூதானே டாக்டர்?" என்றேன்.

"ஃப்ளூ வந்தா மத்த காய்ச்சலெல்லாம் லீவுல போயிடுமா மாஷே?" என்றார்.

முன்பு நான் எழுதிய அந்த உதாரணத்தை அடித்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நானே அவளைக் காந்தலூருக்குக் கூட்டிவருகிறேன். 'உடம்பு தேறும்வரை அங்கே இருக்கட்டும்' என்று எழுதினேன். இன்பமேரி அதை அடிக்கச் சொல்லிவிட்டாள்.

"அவ அம்மா எப்ப அனுப்புதாகளோ, அப்ப வரட்டும்."

அப்படியே எழுதுகிறேன்.

இன்னாசிராஜ்