விண்கலம் திரும்பிய கதை

ஜூலை 6, ஞாயிறு
காலையிலேயே வெயில். ரயிலில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு. பாகாலா ஜங்ஷனில் வழக்கம்போல் நிறுத்தி வைத்துவிட்டான். கையில் ஃபிளாஸ்க், சாத்துக்குடி, அண்ணனுக்கு லுங்கி இரண்டு.

தாசு அண்ணனுக்கு நுரையீரல் ரொம்ப மோசம். மூக்கில் ஆக்சிஜன் குழாய். குறும்பு மட்டும் போகவில்லை. குழாயைத் தொட்டுக் காட்டி, "விண்வெளிக்குப் போய்க்கினு கீறேன், மேரி" என்றான். சிரித்துவிட்டு, வராண்டாவில் போய் அழுதேன்.

ஜூலை 8, செவ்வாய்
சித்தூர். லீவு கேட்டதற்கு ஆபீசில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். போகட்டும். கேஸ் புக் செய்யணும். வழியெல்லாம் மாங்காய் லாரி, பஸ் ஊர்ந்தது.

சின்ன வயதில் டிவியில் வந்த அந்த விண்வெளி சீரியல் நினைவாகவே இருக்கிறது. ஞாயிறு காலை, சரியாக சர்ச்சில் ஆராதனை நேரத்தில் போடுவான். அம்மா தவறிய வருஷம் அது. கோயிலுக்குப் போகும்போது அடுப்பில் கறியைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும். ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் நான். போனவர் வந்து பிரசங்க வசனத்தை மற்றவருக்குச் சொல்லித்தரணும், நைனா போட்ட சட்டம். பதிலுக்கு, இருந்தவர் சீரியல் கதையைச் சொல்வார். அண்ணன் சொன்னால் கரண்டிதான் துப்பாக்கி, கறிச்சட்டி மூடிதான் கேடயம். நல்ல கதை வந்த வாரமெல்லாம் கறி தீய்ந்துவிடும். நைனா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.

ஆக, நான் பார்த்தது பாதி, கேட்டது பாதி. கேட்டதுதான் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

கடைசி வாரம் அவன் முறை. கப்பலின் டாக்டரம்மாவைப் பனிக் கிரகத்தில் தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கோயிலிலிருந்து ஓடிவந்து கேட்டேன். "கப்பலு திரும்பி வந்திச்சி. ஏத்திக்கினு போய்ட்டாங்க" என்றான். செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தேன்.

ஜூலை 10, வியாழன்
மகள் பெங்களூரிலிருந்து அந்த சீரியலைத் தேடிப்பிடித்து போனுக்கு அனுப்பியிருக்கிறாள். மத்தியான இடைவேளையில் கடைசி எபிசோடைப் பார்த்தேன்.

கப்பல் திரும்பவில்லை. டாக்டரம்மா கையாட்டுகிறாள். பனி கொட்டுகிறது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அம்மா இல்லாத தங்கச்சிக்காக அப்படியே மாற்றிச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும்தானே அம்மா இல்லை. அவனுக்கு யார் மாற்றிச் சொன்னார்கள்? டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

ஜூலை 12, சனி
திருப்பதியில் நல்ல மழை. நர்ஸ் மெதுவாக, "இண்டிக்கி தீஸ்கெள்ளண்டம்மா" என்றாள். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். கண்ணை மூடியிருந்த அண்ணனும் கேட்டுவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு வாங்கிக்கொண்டே: "மேரி, அந்தக் கடைசிக் கதை... கப்பலு திரும்பல. உன்னாண்ட பொய் சொல்லிட்டேன்."

"போண்ணா. இப்பத்தான் போன்ல பாத்தேன். திரும்பி வந்து ஏத்திக்கினு போறாங்க. நீதான் மறந்துட்ட."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பிடியா" என்றான். கையைப் பிடித்துக்கொண்டான்.

"கறி தீஞ்சிடப் போவுது. போய்ப் பாரு" என்றான்.

ஜூலை 20, ஞாயிறு
தூறல். அண்ணனை அடக்கம் செய்தபின் முதல் ஞாயிறு. கோயிலுக்குப் போனேன். பால் வாங்கணும், மறந்துவிட்டது. பிரசங்க வசனத்தை மறக்காமலிருக்க வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பூட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது, சொல்ல ஆளில்லை.